தீவுக் காணியில் தண்ணீர்: புங்குடுதீவுப் பக்கம் குடியேற வருவோருக்கு

யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள தீவுகளான தீவகத்தில் காணி திருத்தி வீடு போட வருகிறவர்கள் "கரண்ட் இருக்கா, ரோட்டு இருக்கா" என்று கேட்கிறார்கள். இரண்டும் இருக்கின்றன. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: ஆவணி மாதத்தில் அந்தக் காணிக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் வாயில் வைக்க முடியுமா?

நான் புங்குடுதீவில் வீடு, தொட்டி, குளம் எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு துண்டு, ஒவ்வொரு மேசனிடம் ஒரு துண்டு என்று பொறுக்கித்தான் இவற்றை அறிய வேண்டியிருந்தது. வேலணை, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர் எங்கும் நிலத்தின் குணம் பெரும்பாலும் இதே. அலுவலகங்கள்தான் மாறும்: புங்குடுதீவும் நயினாதீவும் வேலணைப் பிரதேச செயலகத்தின் கீழ், அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையின் கீழ். நெடுந்தீவுக்கும் காரைநகருக்கும் தனித்தனியே செயலகங்கள்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று தண்ணீர் உண்டு, மூன்றுக்கும் வேலை வேறு. கூரையில் விழும் மழை குடிக்கவும் சமைக்கவும். கிணறு குளிக்க, தோய்க்க, வீட்டு மரங்களுக்கு. குளம் கிணற்றைக் காப்பாற்ற. குளத்தில் மோட்டர் போட்டுத் தோட்டம் செய்யலாம் என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் குளத்தையும் பெரிதாக வெட்டி, கிணற்றையும் உவராக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது நாட்காட்டி. யாழ்ப்பாணப் பகுதிக்கு ஆண்டுக்கு 1200 முதல் 1300 மி.மீ. வரை மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையே விழுந்துவிடும். சித்திரையில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. ஆகவே கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் பீலியோ குளமோ புரட்டாசி முடிவதற்குள் தயாராகாவிட்டால் ஒரு வருடம் போய்விட்டது என்று வையுங்கள். கீழே சொல்லும் எல்லா வேலையும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணியவை.

1. உறுதியைத் தண்ணீருக்காக ஒருமுறை படியுங்கள்

காணி உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதற்காக எல்லோரும் உறுதியை (காணிப் பத்திரத்தை) பார்ப்பார்கள். கிணறு யாருடையது என்பதற்காகப் பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் பக்கத்துப் பழைய உறுதிகளில் "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்ற மாதிரி ஒரு வரி வரும். காணிக்குள் நிற்கும் கிணற்றில் பக்கத்து வளவுக்காரருக்கும் பங்கு இருக்கலாம். உங்கள் கிணற்றுப் பங்கு அடுத்த காணிக்குள்ளும் இருக்கலாம். பங்குக் கிணற்றை ஆழமாக்கவோ மூடவோ மோட்டர் பூட்டவோ மற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டும். அவர்களில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருப்பார்கள். கையெழுத்து வாங்குவதற்கே மாதங்கள் போகும். இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: உறுதி, நில அளவையாளரின் வரைபடம், காணிப் பதிவகத்திலிருந்து குறைந்தது 30 ஆண்டுக்கான தோம்பு (காணி கைமாறிய பதிவின் பிரதி). வரைபடத்தில் கிணறு, குளம், வெள்ளவாய்க்கால் மூன்றும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வரைபடத்தில் இல்லாவிட்டால் புதிதாக அளக்கும்போது குறிக்கச் சொல்லுங்கள். அளவையாளர் வந்து நிற்கும்போதே சொன்னால் தனிச் செலவு இல்லை. பிறகு கூப்பிட்டால் முழுக்கூலி.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டத்தை நொத்தாரிசிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டவர் காணி வாங்குவதை அது தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும், முதுசமாக வரும் காணிக்கும் விலக்கு உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணியில் பங்கு வாங்குவதானால் உடன்பங்காளிகளுக்கு முன்கொள்வனவு உரிமை இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

காணிக்குள் அல்லது ஓரத்தில் ஒரு குளம் இருந்தால் அது யாருக்குரியது என்று விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேளுங்கள். கோயிலுக்கு உரியதாக இருக்கலாம், பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கலாம், கமநல சேவைகள் நிலையத்தின் பதிவில் இருக்கலாம். பதிவிலுள்ள குளத்தையும் அதன் ஒதுக்கு நிலத்தையும் நிரப்புவதும் அடைப்பதும் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் குற்றம். "உங்கட காணிக்குள்ளதானே" என்று தரகர் சொல்வதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

2. கிணற்றை ஆவணியில் பாருங்கள்

காணி விற்பவர் மார்கழியில் கிணறு காட்டுவார். மார்கழியில் தீவகத்தில் எந்தக் கிணறும் இனிக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஆவணியில், மழைக்கு முன்னால், தண்ணீர் அடிக்குப் போன பிறகு. அந்த மாதத்தில் வர முடியாவிட்டால் ஊரில் யாரையாவது ஒரு போத்தலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மின்கடத்துதிறன் அளக்கும் சிறிய கைக்கருவி ஒன்று வாங்குங்கள். யாழ்ப்பாணத்தில் விவசாயப் பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், இணையத்திலும் கிடைக்கும். இந்த முழு வேலையிலும் ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடிய பயன் தருவது இதுதான். அது மைக்ரோசீமன்ஸ் காட்டினால் 0.64 ஆல் பெருக்குங்கள், லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்பது கிட்டத்தட்ட வரும். குடிநீருக்கான இலங்கைத் தரம் 614 இன்படி கரைந்த உப்புகள் மொத்தம் 500 மி.கி., குளோரைட் 250 மி.கி., நைத்திரேற் 50 மி.கி. தாண்டக்கூடாது. ஆவணியில் உங்கள் கிணறு 800 மைக்ரோசீமன்ஸுக்குள் நின்றால் அதிர்ஷ்டசாலி. 2000 காட்டினால் குளிக்கலாம், தென்னைக்கு விடலாம். வெங்காயமும் போஞ்சியும் அதைத் தாங்காது.

கருவி உப்பைத்தான் காட்டும். கிருமியையும் நைத்திரேற்றையும் காட்டாது. அவற்றுக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய போத்தலிலேயே எடுக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். குறிகட்டுவானுக்கு அப்பாலுள்ள தீவுகளில் இருப்பவர்கள் காலை முதல் படகில் வந்தால்தான் சரிவரும். ஆய்வுகூடம் எந்தக் கிழமைகளில் மாதிரி ஏற்கிறது என்று முதல்நாள் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

கொதிக்கவைத்தால் எல்லாம் சரி என்று ஒரு நம்பிக்கை உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் நைத்திரேற்றும் தண்ணீர் வற்றுவதால் கூடத்தான் செய்யும். கைக்குழந்தை உள்ள வீட்டில் நைத்திரேற் முடிவு வரும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்காதீர்கள்.

3. கணக்குப் போடுங்கள்

மேசனிடம் போவதற்கு முன் இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் அளவு.

ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லீற்றர். தீவுகளில் மழை குடாநாட்டை விடக் கொஞ்சம் குறைவு, அதனால் ஆண்டுக்கு 1000 மி.மீ. என்று வையுங்கள். தெறிப்பிலும் முதல் மழையை வெளியே விடுவதிலும் ஐந்தில் ஒன்று போகும். 100 சதுர மீற்றர் கூரை என்றால் 80,000 லீற்றர் கிடைக்கும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லீற்றர் தாராளம். நான்கு பேருக்கு நாளுக்கு 40. மாசி முதல் புரட்டாசி வரை 240 நாள் என்றால் 9,600 லீற்றர். அதாவது 10,000 லீற்றர்த் தொட்டி ஒரு குடும்பத்தின் குடிநீரை மழைக்கு மழை கொண்டுபோய்ச் சேர்க்கும். குளிக்க, தோய்க்க, மலசலகூடத்துக்கு எல்லாம் மழைநீர்தான் என்று நினைத்தால் ஆளுக்கு 100 லீற்றர், மொத்தம் 96,000. அவ்வளவு பெரிய தொட்டி கட்டும் காசில் இன்னொரு வீடு போடலாம். அதனால்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறேன்.

குழாய்த் தண்ணீர் உங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டதா என்று நீர் வழங்கல் சபையில் கேளுங்கள். வடமராட்சி கிழக்குத் தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடியது. குழாய் வந்திருந்தால் எடுங்கள், அதற்காகத் தொட்டியை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் கொண்டுவரும் பவுசரை நம்புவதானால் உங்கள் ஒழுங்கைக்குள் பவுசர் திரும்புமா என்பதையும் பார்க்க வேண்டும். கதியால் வேலி இரண்டு பக்கமும் நெருங்கிய ஒழுங்கையில் திரும்பாது.

4. மழைத்தொட்டி: தை மாதம் தொடங்குங்கள்

சீமெந்து வேலைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உவர்த் தண்ணீரில் குழைத்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து ஐந்தாறு வருடத்தில் சுவர் வெடிக்கும். கிணறு நன்றாக இருக்கும் தை, மாசியில் கட்டினால் அந்தத் தண்ணீர் சும்மா கிடைக்கும். ஆடியில் கட்டினால் குழைக்கவும் நனைக்கவும் பவுசருக்குக் காசு கொடுக்க வேண்டும். போதாதற்குத் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று புதுப் பூச்சைக் காயவைத்து வெடிக்கப் பண்ணிவிடும். பூச்சு முடிந்த பிறகு குறைந்தது 14 நாள் ஈரச் சாக்கு போட்டு நனைக்க வேண்டும். இதைக் கூலிப் பேச்சிலேயே சேர்த்துப் பேசுங்கள். பேசாவிட்டால் மேசன் மூன்றாம் நாள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

தரைக்கு மேலா கீழா? என் விடை: மேலே. நிலக்கீழ்த் தொட்டி வெயிலில் சூடாகாது, இடம் பிடிக்காது, எல்லாம் உண்மை. ஆனால் கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்கு அருகே ஏறிவிடும். அந்த நேரம் தொட்டி காலியாக இருந்தால் கீழிருந்து தள்ளும் தண்ணீர் தொட்டியையே தூக்கிவிடும். தூக்காவிட்டாலும் மயிரிழை வெடிப்பு வழியாக உவர் உள்ளே கசியும். மேலே கட்டிய தொட்டியில் கசிவு கண்ணுக்குத் தெரியும்.

கம்பிவலையும் சீமெந்தும் சேர்த்துக் கட்டும் உருளைத் தொட்டி, பிளாஸ்டிக் தாங்கி, செங்கல் தொட்டி மூன்றையும் ஒரு லீற்றருக்கு எவ்வளவு என்று வகுத்து ஒப்பிடுங்கள். இரண்டு 5,000 லீற்றர்த் தொட்டி ஒரு 10,000 லீற்றர்த் தொட்டியை விடக் கொஞ்சம் செலவு கூடும். ஆனால் ஒன்றைக் கழுவும்போது மற்றதில் தண்ணீர் இருக்கும், ஒன்று பழுதானால் மற்றது காக்கும். என் தெரிவு இரண்டு.

மணல் இங்கே தங்கம். ஏற்றிவருவதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாத லோட் மலிவாக வரும். வழியில் பிடிபட்டால் வேலை நின்றுபோகும், கொடுத்த முற்பணமும் போகும். பண்ணைப் பாலம் தாண்டி வர வேண்டிய எல்லாப் பொருளுக்கும் ஏற்றுகூலியைத் தனியே எழுதி வாங்குங்கள்.

பீலியில் கஞ்சத்தனம் வேண்டாம். தொட்டிக்கு அவ்வளவு செலவழித்துவிட்டு மலிவான பீலியைத் தொங்கவிடுவார்கள். முதல் வாடைக் காற்றில் அது வேலியில் கிடக்கும். கொளுக்கியை இரண்டு அடிக்கு ஒன்று போடுங்கள். துருப்பிடிக்காத ஆணி கேளுங்கள், கடற்காற்றில் சாதாரண ஆணி நிற்காது.

முதல் மழையை வெளியே விடும் குழாய் கட்டாயம். சோழகம் அடித்த மாதங்களில் கூரை முழுக்க உப்புத் தூசு படிந்திருக்கும், காகத்தின் எச்சம் வேறு. சதுர மீற்றருக்கு 2 லீற்றர் என்று 100 சதுர மீற்றர் கூரைக்கு 200 லீற்றர் வெளியே போகட்டும். அதை ஒரு பீப்பாவில் பிடித்து வாழைக்கு ஊற்றலாம். பருவத்தின் முதல் மழை முழுவதையுமே நான் தொட்டிக்குள் விடுவதில்லை.

தொட்டிக்கு மேலே ஒரு மூடி, எல்லாத் துளைக்கும் நுளம்பு வலை, அடியில் கழுவும் வாய், வழிந்தோடும் குழாய். வழிந்தோடும் தண்ணீரை முற்றத்தில் விடாமல் கிணற்றுக்கு மேட்டுப்பக்கமாக ஒரு குழிக்கோ குளத்துக்கோ திருப்புங்கள். கிருமிக்குப் பயந்தால் குளோரின் தூள் போடலாம்: 1000 லீற்றருக்கு 6 கிராம் அளவில், முதலில் ஒரு வாளியில் கரைத்துத் தெளியவைத்து ஊற்றுங்கள். ஊற்றி அரைமணி நேரத்துக்குள் குடிக்க வேண்டாம்.

5. குளம்

இதில்தான் ஆகக் கூடிய பணம் வீணாகிறது. நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வெட்டக்கூடாது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தீவகத்தின் அடியில் சுண்ணக்கல். அதில் வெடிப்பும் பொந்தும். கடல்நீர் எல்லாப் பக்கமும் அதற்குள் நிற்கிறது. மழைநீர் உள்ளே இறங்கி, தண்ணீரின் மேல் எண்ணெய் நிற்பதுபோல, அந்த உவரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போடுங்கள்: மேலே 1 அடி இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். சிறிய தீவில் அந்தக் கணக்கு அப்படியே நடக்காவிட்டாலும் போகும் திசை அதுதான். குளம் வெட்டுவது மேலே ஒரு அங்குலமாவது கூட்டுவதற்கு.

ஆகவே குளம் வற்றுவது குற்றமில்லை. ஆவியாகிப் போகிறதா, நிலத்துக்குள் போகிறதா, கடலுக்குப் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கரையோரம் வெட்டிய குளம் கடலுக்குத்தான் கொடுக்கும். காணியின் உள்பக்கத்தில், கிணற்றுக்கு மேட்டுப்பக்கமாக, கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இடம் பாருங்கள். அதை விடக் கிட்டே வெட்டினால் குளத்து அழுக்கு பொந்துகள் வழியே நேரே கிணற்றுக்கு வந்துவிடும். மாரியில் ஒரு நாள் குடையோடு காணியைச் சுற்றி நடந்து வெள்ளம் எந்தப் பக்கத்தால் வந்து எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் கம்பு நட்டு வைத்தால் இடம் தானாகத் தெரியும். தலைமுறை தலைமுறையாக ஊரவர் துரவு (கட்டில்லாத ஆழமற்ற கிணறு) தோண்டிய இடம் காணியில் இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆழம்: புரட்டாசி தொடக்கத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டுங்கள். ஈரம் தட்டும் இடத்திலிருந்து 2 அடி மேலேயே நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டடி போட்டால் ஊத்து வரும்" என்று ஜேசிபிக்காரர் உற்சாகப்படுத்துவார். அவருக்கு மணிக்கூலி. வருவது பெரும்பாலும் உவர் ஊற்று.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 8 பரப்புக் காணியில், அதாவது அரை ஏக்கரில், மேலே 12 மீற்றருக்கு 10 மீற்றர், ஆழம் 1.5 மீற்றர், பக்கங்கள் 1 மீற்றர் இறங்க ஒன்றரை மீற்றர் உள்ளே வரும் சரிவு. கொள்ளளவு ஏறக்குறைய 116 கன மீற்றர், 116,000 லீற்றர். வெட்டும் மண் 41 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). ஜேசிபிக்காரரிடமும் ரக்டர்க்காரரிடமும் கியூப்பில்தான் பேச வேண்டும், அதனால் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மண் இளகினால் ஒரு நாள் வேலை. கல் வந்தால் உடைப்பானுக்குத் தனிக் கூலி, அதை முன்கூட்டியே கேளுங்கள். இயந்திரம் வந்துபோகும் ஏற்றுகூலியே கணிசமானது. ஒழுங்கையில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் அதைப் பங்கிடலாம்.

வறண்ட காலத்தில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகும். நிறைந்த நிலையில் இந்தக் குளம் வெயிலுக்கு மட்டும் நாளுக்கு 600 லீற்றர் கொடுக்கிறது. நிலத்துக்குள் இறங்குவதையும் சேர்த்தால் சித்திரை, வைகாசியில் தரை தெரியும். கிணற்றுக்காக வெட்டிய குளம் என்றால் அது சரியான நடத்தை.

மாட்டுக்கோ மீனுக்கோ தண்ணீர் நிற்கத்தான் வேண்டும் என்றால் களிமண் இட வேண்டும். மேலே சொன்ன அளவுக்கு 1 அடி தடிப்பில் 14 முதல் 15 கியூப் களி. வெட்டும்போதே அந்த 1 அடியைக் கூட்டி வெட்ட வேண்டும். மூன்று நான்கு படையாகப் பரப்பி, நனைத்து, ஒவ்வொரு படையையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். பொலித்தீன் விரிப்பும் போடலாம். ஆனால் வெயில்படும் விளிம்பு முதலில் போகும், மாட்டுக் குளம்பு பட்டால் அடுத்த நாளே போகும்.

பழைய குளத்தைத் தூர்வாருவதற்கு ஓர் எச்சரிக்கை. அடியில் படிந்திருக்கும் மென்மையான கருஞ்சேறு பல காலமாகத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பூட்டு. மேலேயுள்ள தூரை மட்டும் எடுங்கள். சுரண்டிச் சுரண்டி வெள்ளைக் கல் தெரியும்வரை போனால் அடுத்த மாரியில் குளம் நிறைந்து ஒரு கிழமையில் காணாமல் போகும். ஜேசிபி வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாளியையும் பாருங்கள். பொதுக்குளமோ கோயில் குளமோ என்றால் பிரதேச சபை, கமநல சேவைகள் நிலையம், கோயில் பரிபாலன சபை ஆகியவற்றில் உரியவர்களின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணும் அள்ள வேண்டாம்.

வெட்டிய மண்ணை வெளியே விற்காதீர்கள். ஏற்றிச் செல்லப் பத்திரம் வேண்டும், விற்பது சுரங்க விதிகளுக்குள் வரும். குளத்துக்கு அணை கட்டவும் வீட்டுத் தளம் உயர்த்தவும் உங்களுக்கே தேவைப்படும். மேல்மண்ணைத் தனியே குவித்து வையுங்கள், தோட்டத்துக்கு அதை விட நல்ல மண் வராது.

அணையில் ஒரு பக்கம் தாழ்வாக, மிஞ்சும் தண்ணீர் வழிந்தோட வான் விடுங்கள், கல் அடுக்கி. கார்த்திகைப் புயல் மழையில் தண்ணீர் தன் வழியைத் தானே வெட்டினால் அணை போய்விடும். வான் பாயும் தண்ணீர் பக்கத்துக் காணிக்குள் போகாமல் வெள்ளவாய்க்காலுக்குப் போக வேண்டும். எல்லைச் சண்டைகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது. புது அணையில் மரம் நட வேண்டாம், வேர் வழியே கசியும். வெட்டிவேரோ புல்லோ போதும். பனை வைப்பதானால் அணைக்கு வெளியே.

வேலி அடையுங்கள். தீவகத்தில் கட்டாக்காலி மாடுகள் நிறைய. சித்திரை வெயிலில் கடைசித் தண்ணீர் உங்கள் குளத்தில் என்றால் ஊர் மாடு முழுக்க அங்கே நிற்கும், கரை சரியும். வேலிக்கு வெளியே ஒரு சிறு தொட்டி கட்டி அவற்றுக்கும் கொஞ்சம் விட்டால் வேலியும் நிற்கும், ஊரும் ஏசாது.

6. கிணற்றில் இறைக்கும் முறை

ஆழமாக்காதீர்கள். கிணறு குறைந்தால் அகலப்படுத்துங்கள், அல்லது ஐம்பது அறுபது அடி தள்ளி இன்னொரு ஆழமற்ற கிணறு வெட்டுங்கள். குழாய்க்கிணறு பற்றிப் பேச வருகிறவரை நீர்வளச் சபையின் அனுமதி எங்கே என்று கேட்டு அனுப்புங்கள். சிறிய தீவில் அது நேரே உவருக்குள் போடும் குழாய்.

குதிரைவலு குறைந்த மோட்டர் போதும். உறிஞ்சும் குழாயின் வாயை அடியில் விடாமல் தண்ணீர் மட்டத்துக்கு ஓரிரு அடி கீழே மிதக்கவிடுங்கள், நன்னீர் மேலே நிற்கும். காலையில் இருபது நிமிடம், பின்னேரம் இருபது நிமிடம் என்று பிரித்து இறையுங்கள். துலாக் காலத்தில் ஒரே கிணறு தலைமுறைக்கும் இனித்ததற்குக் காரணம் துலா மெதுவாக இறைத்ததுதான். மாதம் ஒருமுறை கைக்கருவியால் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். எண் ஏறத் தொடங்கினால் தோட்டத்துக்கு விடுவதை உடனே நிறுத்துங்கள்.

வீட்டு நன்னீராக்கும் கருவி வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் உப்புக் கழிவாக வெளியேறும். அந்தக் கழிவைக் கிணற்றடியில் விட்டால் அடுத்த மாதம் அதையே திரும்பச் சுத்தம் செய்வீர்கள்.

7. மலக்குழி

வீட்டு வரைபடத்தைப் பிரதேச சபைக்குக் கொடுக்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பார். 50 அடி என்பது கேட்கும் குறைந்த அளவு. சுண்ணக்கல் நிலத்தில் நான் 100 அடி விடுவேன். பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும் அளக்க வேண்டும், பலர் தங்கள் கிணற்றிலிருந்து மட்டும் அளக்கிறார்கள். அடியில் சீமெந்து போடாத குழி இங்கே வேண்டாம்.

8. மீனும் நுளம்பும்

நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் 2007 முதல் இருக்கிறது. தொட்டியிலோ குளத்திலோ நுளம்புக் குடம்பி (புழு) கண்டால் வழக்கும் தண்டமும் வரலாம். ஆளில்லா வளவுக்கும் அது பொருந்தும். வெளிநாடு திரும்புகிறவர்கள் தொட்டி மூடியைக் கட்டி, பராமரிக்க ஒருவரை வைத்துவிட்டுப் போங்கள்.

குளத்தில் சிறு மீன் விட்டால் நுளம்பு அடங்கும். சாப்பிடும் மீனுக்குத் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையில் குஞ்சு கேட்கலாம். திலாப்பியா கொஞ்சம் உவரைத் தாங்கும். மார்கழி, தையில் விட்டு, தண்ணீர் முழங்காலளவு ஆவதற்குள் பிடித்துவிட வேண்டும். களி இட்ட குளத்துக்குத்தான் இது, கிணற்றுக்காக வெட்டிய குளத்தில் காலம் போதாது. தீவனம் கொட்டி வளர்க்க வேண்டாம், அந்த அழுக்கு நிலத்துக்குள் இறங்கும். அல்லியும் தாமரையும் வைக்கலாம். ஆகாயத்தாமரை அழகாக இருக்கிறதென்று ஒரு கொத்துக்கூடக் கொண்டுவராதீர்கள், இலங்கையில் அதற்கு 1909 இலேயே தடைச் சட்டம் போட்டார்கள்.

9. காசு குறைவென்றால் எந்த ஒழுங்கில்

விலை எழுதவில்லை, இந்த மாத விலை அடுத்த மாதம் இருக்காது. அளவுகள் மேலே இருக்கின்றன, அன்றைய கூலியால் பெருக்குங்கள்.

முதல் வருடம்: கைக்கருவி, ஆய்வுகூடச் சோதனை, நல்ல பீலி, ஒரு 5,000 லீற்றர்த் தொட்டி. இதிலேயே குடிநீரில் பாதி தீரும், மீதிக்குப் பவுசர். இரண்டாம் வருடம்: இரண்டாவது தொட்டி, கிணற்றுக்கட்டுத் திருத்தம். குளம் மூன்றாம் வருடம். அதற்குள் இரண்டு மாரி பார்த்திருப்பீர்கள், வெள்ளம் வரும் வழி தெரிந்திருக்கும், கிணற்றுச் சுவரில் எழுதிய எண்கள் இருக்கும். காணிக்கு வந்த உற்சாகத்தில் முதல் ஆவணியிலேயே ஜேசிபி பிடிப்பவர்கள் பலர். பங்காளிக் கையெழுத்தும் எல்லை அளவையும் முடியாமல் இயந்திரம் காணிக்குள் வரக்கூடாது.

10. கடல் ஏறினால்

புயலில் கடல்நீர் காணிக்குள் வந்து கிணற்றில் விழுந்தால் மோட்டர் போட்டுத் திரும்பத் திரும்ப வற்ற இறைக்கத் தோன்றும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையோரக் கிணறுகளில் அப்படிச் செய்ததில் பல இடங்களில் கீழிருந்த உவர்தான் மேலே வந்தது. குப்பையும் சேறும் எடுக்க ஒருமுறை மெதுவாக இறைத்து, கிருமிநீக்கி போட்டு, அதோடு விட்டுவிடுங்கள். அடுத்த மாரி கழுவும், சில வேளை இரண்டு மாரி ஆகும். அதுவரை தொட்டித் தண்ணீர்தான். ஐப்பசிக்கு முந்திய கிழமை பீலியைக் கழுவி, தொட்டி மூடியைக் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள்.